காம்பாருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?



வரும் விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் தத்தம் தந்தையரோடு பங்கோர் தீவுக்குச் சென்று, ஒரு நாள் படகில் தூண்டில் போடலாம் என்று அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பில் முன்மொழிந்தேன். இது பள்ளி நிகழ்ச்சியன்று. பெற்றோர் தாமே பிள்ளைகளை அழைத்துவரும் குடும்பப் பயணம். ஏற்பாட்டுப் பொறுப்பு மட்டும் என்னுடையது. சொல்லி முடித்ததும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார்.

"சார், நாமெல்லாம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. மீன் பிடிக்கணும்னா இங்கயே லம்பக் குட்டை இருக்கு. நமக்கும் கடலுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. காம்பாரில் பிறந்த பிள்ளைக்கு நீர் என்றால் ஈயலம்பம் விட்டுச்சென்ற குட்டைதான். மீன் என்றால் அதில் கிடைக்கும் திலாப்பியாதான். அந்தத் தாயின் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் அடங்கியிருந்தது. நாகரிகம் கருதி அதனை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியது என் கடமை. முதலில் கேட்ட கேள்விக்கு விடை.

ஆறு போகும் வழி

நம் ஊருக்குப் பெயர் தந்த காம்பார் ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறு பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையை அடைகிறது. ஆகவே, மழைக்காலத்தில் நம் வீட்டுப் பின்புறம் ஓடும் செந்நீர் சில நாள்களில் கடல்நீராகிவிடுகிறது. நிலவரைபடத்தில் மாணவர்களின் விரலை இந்த ஆறுகளின் மேல் நகர்த்தச் சொன்னாலே முதற்பாடம் தொடங்கிவிடும்.

அந்த ஆறுகளின் வழியே முன்பு ஈயம் போயிற்று. காம்பார் நகரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயத்தால் எழுந்தது. ஆனால், பேராக்கின் ஈயத்துக்கு அதைவிட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடலில் போட்டி நடந்தது. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் பேராக் ஈயத்தைத் தான் மட்டுமே வாங்க வேண்டும் என்று விரும்பியது. 1651ஆம் ஆண்டு பேராக்கிலிருந்த அவர்களுடைய வாணிப நிலையம் தாக்கப்பட்டு, அதிலிருந்தோர் கொல்லப்பட்டனர். ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று கண்டவர்கள், கரைக்கு எதிரே இருந்த பங்கோர் தீவில் 1670ஆம் ஆண்டு ஒரு காவற்கோட்டையை அமைத்தார்கள். ஆற்றுவாயிலிருந்து வெளியேறும் ஈயப் படகுகளைக் கண்காணிப்பதும், ஈயத்தைச் சேமித்து வைப்பதும் அதன் வேலை. தெலுக் கெடோங்கில் இன்று நாம் காணும் செங்கற் கட்டடம் அதுதான். 1690இல் உள்ளூர்த் தலைவர் பங்ளிமா கூலுப்பின் ஆட்கள் அதனைத் தாக்கி அழித்தார்கள். டச்சுக்காரர்கள் 1740களில் மீண்டும் வந்து சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1748இல் கைவிட்டுப் போனார்கள். இடிந்து கிடந்த கோட்டையை 1973இல் அருங்காட்சியகத் துறை சீரமைத்தது.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1689இல் இக்கோட்டைக்கு வந்து, தாம் கண்டவற்றை எழுதி வைத்திருக்கிறார். கோட்டைத் தலைவர் விருந்தினரை வெள்ளித் தட்டுகளில் உபசரித்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில் ஒரு வீரன் மலாய்க்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கூச்சலிட்டானாம். தலைவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சன்னல் வழியே குதித்துக் கோட்டைக்குள் ஓடினாராம். இக்கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்தபின், "அவர் ஏன் அப்படிப் பயந்தார்?" என்று கேளுங்கள். பிறர் மண்ணின் செல்வத்தைக் காவல் காத்தவனுக்குச் சோறு எப்படி நிம்மதியாக இறங்கும் என்று யாரேனும் ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

கோட்டைக்கு அருகே 1743 என்ற ஆண்டு பொறித்த பெரும்பாறை ஒன்று இருக்கிறது. புலி தூக்கிச்சென்ற ஒரு டச்சுக் குழந்தையின் நினைவாகப் பொறித்தது என்பது செவிவழிக் கதை. எது சான்று, எது கதை என்று பிரித்தறியப் பழக்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கப்பலில் எழுதிய உடன்படிக்கை

அடுத்து வந்தவர் ஆங்கிலேயர். கடற்கொள்ளையரை ஒடுக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, 1826ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் பங்கோரையும் செம்பிலான் தீவுகளையும் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. 1874 சனவரி 20ஆம் நாள், பங்கோர்க் கடலில் நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்னும் நீராவிக் கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையொப்பமானது. ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க், ராசா அப்துல்லாவைப் பேராக் சுல்தானாக ஏற்றார். அதற்கு ஈடாக ஆங்கிலேய ஆலோசகர் ஒருவரைப் பேராக் ஏற்க வேண்டியதாயிற்று. முதல் ஆலோசகர் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்துவிட்டது. பங்கோரும் எதிர்க்கரையும் சேர்ந்த டிண்டிங்ஸ் பகுதி 1935ஆம் ஆண்டில்தான் பேராக்கிடம் திரும்பி வந்தது.

இவ்வுடன்படிக்கைக்கும் நமக்கும் என்ன உறவு? ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்ததால் இருப்புப்பாதை வந்தது, சாலை வந்தது, இரப்பர்த் தோட்டம் வந்தது. அந்தப் பாதையைப் போடவும் பால்மரம் சீவவும் நம் முன்னோர் அழைத்துவரப்பட்டார்கள். ஒரு கப்பலின் மேல்தளத்தில் போட்ட கையொப்பத்தின் தொடர்ச்சியாகத்தான் நாம் காம்பாரில் இருக்கிறோம்.

பாட்டியின் கடல்

என் பாட்டி 1937ஆம் ஆண்டு, சிறுமியாக, தம் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கப்பலின் பெயர் ரஜுலா. 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனத் தமிழர்களைச் சுமந்த அதே கப்பல்தான். கீழ்த்தளத்தில் பல நாள் வாந்தியும் அழுகையுமாக வந்து, பினாங்கை அடைந்ததும் செரேசாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, பிறகு இரயிலேறி இங்கு வந்தார்கள். மறு ஆண்டே, 1938இல், இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

பாட்டி தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். நாங்கள் எத்தனை முறை அழைத்தும் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குக்கூட வந்ததில்லை. "அந்தத் தண்ணியப் பாத்தது போதும்டா சாமி" என்பார். தம்மை ஊரிலிருந்து பிரித்த கடலை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. தோட்டத்து வீடுகள் பலவற்றில் இதே கதைதான். கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டி வளர்ந்தார்கள்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அதே பாட்டியின் அடுப்படியில் நெத்திலி இல்லாத நாள் கிடையாது. சம்பளம் போட்ட வாரத்தில் நெத்திலிச் சம்பல்; கைச்செலவு முட்டும் வாரத்தில் நெத்திலியும் இரசமும். பங்கோர் நெத்திலிக்குப் பெயர்பெற்ற தீவு. வலையில் அள்ளிய நெத்திலியை உப்புநீரில் அவித்து வெயிலில் உலர்த்தும் காட்சியை அங்கே காணலாம். கடலைப் பார்க்க மறுத்தவர் கடலைத் தின்றே எங்களை வளர்த்தார்.

எல்லாத் தமிழரும் கடலுக்கு முதுகு காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பங்கோர்த் தீவின் பத்திரகாளியம்மன் ஆலயம் கடலை நோக்கி நிற்கிறது. ஆண்டுதோறும் மாசிமகத்திற்குப் பேராக்கின் பல ஊர்களிலிருந்தும் நம் மக்கள் படகேறிச் செல்கிறார்கள். நேர்த்திக்கடனுக்காகக் கடலைக் கடக்கும் நாம், அதைக் கற்பதற்காகவும் ஒரு முறை கடக்கலாம்.

கடல்வழி வந்த போர்

காம்பாரின் வரலாற்றில் கடல் நேரடியாகக் கைவைத்த நாள்களும் உண்டு. 1941 டிசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை காம்பார்ப் போர் நடந்தது. நம் ஊருக்கு வடக்கேயுள்ள மேடுகளில் ஆங்கிலேய, இந்திய, கூர்க்காப் படையினர் நின்று சப்பானியரை எதிர்த்தார்கள். பின்வாங்குவதையே வழக்கமாக்கிக்கொண்டிருந்த அப்படை இங்கே உறுதியாக நின்றது. சப்பானியர் பெரும் இழப்பைச் சந்தித்தனர். நேருக்கு நேர் நின்ற போரில் காம்பார் விழவில்லை.

பிறகு ஏன் கைவிடப்பட்டது? விடை லுமுட்டில் இருக்கிறது. அங்கிருந்து சப்பானியரின் படகுகள் கரையோரமாகத் தெற்கே இறங்கி, ஊத்தான் மெலிந்தாங் பகுதியில் வீரர்களை இறக்கின. இன்னொரு படை ஆற்றுவழியாக இன்றைய தெலுக் இந்தானை அடைந்தது. காம்பாருக்குத் தெற்கேயுள்ள சாலை வெட்டுப்படும் நிலை உருவானது. மேட்டில் வென்றுகொண்டிருந்தவர்கள் சனவரி 2ஆம் நாள் இரவு இடத்தைக் காலி செய்து பின்வாங்கினார்கள். ஐந்து நாளில் சிலிம் ரிவரில் பெருந்தோல்வி. மலையையும் சாலையையும் கணக்கிட்டவர்களுக்குக் கடலைக் கணக்கிடும் வலிமை இல்லாமற்போயிற்று.

அதே கடல் சப்பானியருக்கு எதிராகவும் வேலை செய்தது. 1943 மே மாதம் ஜான் டேவிஸ் என்ற அதிகாரி டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். 136ஆம் படைப்பிரிவின் உளவு வேலை தொடங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் லிம் போ செங் வந்து சேர்ந்தார். பங்கோரில் அவர்களுடைய ஆட்கள் மீன் வணிகம் என்ற போர்வையில் இயங்கினார்கள். மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் படகை எடுப்பவனை யார் ஐயப்படுவார்? ஆனாலும் 1944இல் அந்த வலையமைப்பு பிடிபட்டது. லிம் போ செங் கைதாகி, சூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். பத்து காஜா வழியாகத்தான் நாம் லுமுட்டுக்குப் போகப் போகிறோம். போகும் வழியில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி இதைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

இனி, அந்தத் தாய் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு பயணத்தை நான் ஏற்பாடு செய்தேன். ஒன்பது பேர் போனோம். அவர்களுள் நால்வர் சிறுவர்கள். உணவுப் பட்டியல் மூன்று பக்கம் எழுதினேன். யார் எலுமிச்சைச் சாதம், யார் சம்பல் என்று பெயர் குறித்திருந்தேன். கடல் ஓதம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. விடுமுறை ஒத்துவந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அது பௌர்ணமிக்கு மறுநாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

படகுத்துறையில் உயிர்காப்பு அங்கி ஆறுதான் இருந்தது. ஆறும் பெரியவர்களுக்கான அளவு. "பரவால்ல சார், பக்கத்துலதான்" என்றார் படகுக்காரர். பணம் கட்டியாயிற்று, பிள்ளைகள் ஆவலோடு நிற்கிறார்கள். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புத்தான் பிழை. அதைப் படகுக்காரர் தலையில் போட நான் விரும்பவில்லை.

காலை ஏழு மணியளவில் மேற்கு வானம் கறுத்தது. அரை மணியில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. நீரோட்டத்தின் வேகத்தில் நங்கூரம் பிடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு சிறுவனுக்கு அங்கி பொருந்தாமல் தோள்வழியே நழுவிக்கொண்டே இருந்தது. அவன் தந்தை அவனை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, கரை சேரும் வரை நாற்பது நிமிடம் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தந்தை அதன்பின் பல மாதம் என்னிடம் பேசவில்லை. நான் அதில் குறை காணவில்லை.

அச்சிறுவன் இப்போது ஆறாம் ஆண்டு. கூட்டத்தில் எழுந்து கேட்டவர் அவனுடைய தாய்.

இம்முறை வகுத்த திட்டம்

ஆகவே, இம்முறை உணவுப் பட்டியலைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலாவது, நாள். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாகும், நீரோட்டமும் விசையாகும். அரைநிலா நாளையொட்டி அது தணியும். மலாய் மீனவர்கள் அதனை ஆயர் மாத்தி, அதாவது செத்த தண்ணீர், என்பார்கள். மீன் கடி அப்போது சற்றுக் குறையலாம். ஆனால், சிறுவர்களோடு போக அதுவே ஏற்றது. இதற்குப் பெரிய கருவி வேண்டா. நம் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். அட்டமி என்பது அரைநிலா. அதற்கடுத்த நவமி, தசமியில் ஓதம் மிகவும் தணிந்திருக்கும். அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். நான் நவமியைத்தான் குறித்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் மறுத்தால் தசமிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

துல்லியமான நேரத்திற்கு, மலேசிய அரச கடற்படையின் நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் லுமுட் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. அன்று எங்களைத் தாக்கியது சுமத்ரா என்று அழைக்கப்படும் புயற்காற்று. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பின்னிரவிலிருந்து காலைக்குள், சுமத்ரா பக்கமிருந்து மேற்குக் கரையை நோக்கி வரும். எனவே, இம்முறை விடியலில் படகேறப் போவதில்லை. காலையில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பார்த்து, மேற்கு வானத்தையும் பார்த்த பிறகே முடிவு. வானம் கறுத்திருந்தால் படகு கிடையாது; கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

மூன்றாவது, அங்கி. ஆளுக்கு ஒன்று, சிறுவர்களுக்குச் சிறுவர் அளவு. அதை இங்கேயே வாங்கி, போட்டுப் பார்த்து, தோளைப் பிடித்துத் தூக்கினாலும் நழுவவில்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்துப்போவோம்.

நான்காவது, மீன். செம்பிலாங் எனப்படும் கெளுத்தி வகையின் முள்ளில் நஞ்சு உண்டு. திருக்கையின் வாலிலும் உண்டு. கொக்கியிலிருந்து அவற்றைப் பெரியவர்களே கழற்ற வேண்டும். குத்திவிட்டால் காயத்தைத் தாங்கக்கூடிய வெந்நீரில் அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். ஆகவே, ஒரு குடுவை வெந்நீர் எப்போதும் படகில் இருக்கும். பேத்தை மீன் மாட்டினால் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். அதை உண்ணவே கூடாது.

காம்பாரிலிருந்து லுமுட் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். முதல் நாள் படகுத்துறை, கோட்டை, பாறை, ஆலயம். இரண்டாம் நாள் தூண்டில்.

ஓத அட்டவணையைப் பார்த்து, அந்த மாதம் முழுமைக்கும் நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் கோட்டுருவாக வரையும் பணியை நான்கு மாணவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர்களுள் அந்தச் சிறுவனும் ஒருவன். பயணத்திற்கு வந்தாலும் வராவிட்டாலும் இதை வரையலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் காலை, வகுப்புத் தொடங்குமுன் என் மேசைக்கு வந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போன தேதிக்கான பழைய அட்டவணை கிடைக்குமா என்று கேட்டான். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, உங்கள் ஒப்புதல் படிவம் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காக நான் அவசரப்படுத்தமாட்டேன். மேலே எழுதியவற்றில் ஏதேனும் விடுபட்டிருந்தால் பள்ளியில் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். இம்முறை முதலில் அதைக் குறித்துக்கொள்கிறேன்.